நாற்பது கழிந்ததும் பிள்ளையின் இடுப்பையும் பார்த்துவிடுங்கள்

நம் வீடுகளில் பிள்ளை பெற்றவர் நாற்பது நாளும் தாய்வீட்டில் இருப்பது வழக்கம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் கணவர் விடுமுறை நாளில் வந்து பார்த்துவிட்டு ஷிப்டுக்குத் திரும்பிவிடுவார். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் தாயும் பிள்ளையும் வீடு வந்து சேர்வார்கள். பிரசவம் ஓர் ஊரில், குடியிருப்பு வேறோர் ஊரில். இந்த இடைவெளியில் தவறிவிடக்கூடிய ஒன்று, குழந்தையின் இடுப்பு மூட்டுப் பரிசோதனை.

தொடை எலும்பின் பந்து போன்ற முனை, இடுப்பெலும்பில் உள்ள கிண்ணம் போன்ற குழியில் பொருந்தி உட்கார வேண்டும். சில குழந்தைகளுக்குக் குழி ஆழமாக இருக்காது. பந்து நழுவும், அல்லது முழுதாக விலகியே இருக்கும். இதை ஹிப் டிஸ்பிளேசியா என்கிறார்கள். கைக்குழந்தைக்கு இதனால் வலி இருக்காது. நன்றாகப் பால் குடிக்கும், காலை உதைத்து விளையாடும். அதனால்தான் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. நடக்கத் தொடங்கிய பிள்ளை விந்தும்போது தெரியவந்தால், எளிய சிகிச்சைக்கான காலம் கடந்திருக்கும்.

பெண் குழந்தை, தலைப்பிள்ளை, கருவில் தலை மேலாகவும் புட்டம் கீழாகவும் இருந்த குழந்தை ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். குடும்பத்தில் யாருக்காவது இந்தக் குறை இருந்தாலும் அப்படியே. மாமியோ சாச்சியோ சிறுவயது முதலே சாய்ந்து நடப்பவர் என்றால் காரணம் என்னவென்று கேட்டுப் பாருங்கள். போலியோ என்று நினைத்திருந்தது இதுவாகவும் இருக்கலாம்.

பிறந்த உடனேயே மருத்துவர் கால்களை மடக்கி, விரித்துப் பார்ப்பார். மேலே சொன்ன வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு, குறிப்பாகப் புட்டம் கீழாக இருந்தவர்களுக்கு, ஆறாவது வாரம் அல்ட்ராசவுண்டு ஸ்கேன் தேவைப்படும். இந்த வயதில் மூட்டின் பெரும்பகுதி குருத்தெலும்பு என்பதால் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. ஆறாவது வாரம்தான் பென்டாவேலன்ட் தடுப்பூசியின் முதல் தவணையும். நாற்பது கழிந்து ஊசிக்குப் போகும் அதே நாளில், "இடுப்பையும் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டுவிடலாம். இதற்கென்று தனியாக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டாம்.

வீட்டிலும் கவனியுங்கள். துணி மாற்றும்போது ஒரு தொடை மட்டும் விரிய மறுக்கிறதா? முழங்கால்களை மடக்கி வைத்தால் ஒன்று தாழ்ந்து தெரிகிறதா? தொடை மடிப்புகள் இருபுறமும் வேறுபடுவது மட்டும் நோய் ஆகாது. ஆனாலும் காட்டிவிடுவது நல்லது.

2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் இந்தக் குறையும் உண்டு. பிறந்தது முதல் 18 வயது வரை பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். திருவள்ளூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் கும்மிடிப்பூண்டியிலிருந்து அங்கே நேரடி ரயில் பாதை கிடையாது. மின்சார ரயிலில் சென்னைக்கு வந்து எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்குப் போவது பலருக்குச் சுலபம்.

குழந்தையின் கால்களை நேராக நீட்டி இறுக்கிச் சுற்றாதீர்கள். ஜப்பானில் 1970களில் இந்தப் பழக்கத்தை விடச்சொல்லிப் பிரசாரம் செய்த பிறகு இக்குறை வெகுவாகக் குறைந்தது. நம் பெண்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துத் தூக்கும்போது கால்கள் விரிந்திருக்கின்றனவே, அது மூட்டுக்கு நல்லது.

ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்தால் பெரும்பாலும் பாவ்லிக் வார்ப்பட்டையே போதும். கால்களை மடக்கி விரித்தபடி வைத்திருக்கும் மெல்லிய பட்டை அது. தாமதமானால் மயக்க மருந்து, இடுப்பிலிருந்து கால் வரை மாவுக்கட்டு, அறுவை சிகிச்சை என்று நீளும். பட்டையைப் பல வாரங்கள் போட்டிருக்க வேண்டும். பார்க்கப் பாவமாக இருக்கிறதென்று நன்னி அவிழ்த்துவிடக் கூடாது. எப்போது கழற்றலாம், எப்படிக் குளிப்பாட்டலாம் என்பதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.