சல்பேட் குடிக்கும் கிருமி: அன்று தேடியதும் இன்று விரட்டுவதும்

கோபர் கேஸ் கலனில் முதலில் கெட்டுப்போவது இரும்புதான். ராயப்பன்பட்டி மாதிரி மாடும் திராட்சைப் பந்தலுமாகப் பிழைக்கும் ஊர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. 1950களில் ஜஷ்பாய் படேல் வடிவமைத்து, பிறகு கதர் கிராமத் தொழில் ஆணையம் நாடெங்கும் பரப்பிய கலனில், கவிழ்த்த இரும்பு டிரம் ஒன்று கேஸ் சேரச் சேர எழும்பும், தீரத் தீர இறங்கும். அந்த டிரம்மின் துருவில் ஒரு பங்கு தண்ணீரும் காற்றும் செய்த வேலை. மீதியை ஹைட்ரஜன் சல்பைடு பார்த்துக்கொள்கிறது, அந்த அழுகின முட்டை நாற்றம். புரதம் அழுகும்போதும் கொஞ்சம் வரும். ஆனால் கலனுக்குள் சல்பேட் போனால், அதை வைத்தே மூச்சுவிடும் பாக்டீரியாக்கள் நாற்றத்தைப் பெருக்கிவிடும்.

இந்தக் கிருமியை முதலில் பிரித்தெடுத்தவர் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் இருந்த பெய்ஜரிங்க். ஆண்டு 1895. காற்றுப் பட்டால் வளராத உயிர் என்பதால் சீசாவைக் கழுத்துவரை நிரப்பி மூட வேண்டும். இரும்பு உப்பு சிட்டிகை சேர்த்திருந்தால் போதும், கிருமி வளர்ந்ததும் சீசா முழுக்க மை கொட்டியதுபோல் கறுத்துவிடும்: இரும்பு சல்பைடு.

அன்றைய ஆராய்ச்சிக்காரர்களுக்கு இது வேண்டாத விருந்தாளி மட்டும் அல்ல என்பதுதான் இன்று வியப்பாக இருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஐயாவும் சீனிவாசய்யாவும் மசூலிப்பட்டினம் அருகே கோனா களிமண்ணில் கந்தகம் உருவாவதில் இந்தக் கிருமிகளின் பங்கை ஆராய்ந்து, 1944இல் கரன்ட் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். போர் முடிந்த பிறகு இங்கிலாந்தில் கந்தகத் தட்டுப்பாடு வந்தபோது, சாக்கடைக் கசடோடு சல்பேட்டைச் சேர்த்துப் புளிக்கவைத்து சல்பைடு எடுத்துப் பார்த்தார்கள். கிருமியை வேலைக்கு வைக்கும் ஆசை. தட்டுப்பாடு நீங்கியதும் ஆசையும் தணிந்தது.

இன்று ஆய்வகத்தில் நைட்ரஜன் வாயுவைச் செலுத்திக் காற்றை வெளியேற்றி, தடித்த ரப்பர் அடைப்பானின் வழியே ஊசியால்தான் கிருமியைச் செலுத்துகிறார்கள். ஊடகத்தில் ரெசாசுரின் சாயம் இருக்கும். இளஞ்சிவப்பு தெரிந்தால் எங்கோ ஆக்சிஜன் நுழைந்திருக்கிறது, அந்தச் சீசாவை ஒதுக்க வேண்டியதுதான். 2004இல் இந்தக் கிருமி வகைகளில் ஒன்றான டெசல்ஃபோவிப்ரியோ வல்காரிஸின் முழு மரபணுத் தொகுதியும் வெளிவந்தது. இதெல்லாம் கருவியின் வளர்ச்சி. என் கணக்கில் பெரிய மாற்றம் 1977இலேயே நடந்துவிட்டது.

அமெரிக்காவில் மார்வின் பிரையன்ட் குழு இந்தக் கிருமியைத் தனியாக வளர்க்காமல் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரோடு ஒரே சீசாவில் வளர்த்தது, அதுவும் சல்பேட் மிகக் குறைந்த ஊடகத்தில். மூச்சுவிட சல்பேட் கிடைக்காத கிருமி, லாக்டேட்டைச் சிதைத்து ஹைட்ரஜனை விட்டது. பக்கத்துக்காரர் அதை எடுத்து மீத்தேன் ஆக்கினார். சல்பேட் கிடைத்தாலோ அதே கிருமி ஹைட்ரஜனைத் தானே தின்றுவிடும். நான்கு ஹைட்ரஜன் மூலக்கூறுகளில் ஒரு மீத்தேன் கிடைக்கும். அதே நான்கு இல்லாமல் ஒரு சல்பேட்டை சல்பைடாக்கவும் முடியாது. அடுப்புக்குப் போக வேண்டியது நாற்றமாகிறது.

ஆகவே கிருமியைத் திட்டிப் பயனில்லை, கலனுக்குள் என்ன ஊற்றுகிறோம் என்றுதான் பார்க்க வேண்டும். திராட்சைக்கு அடிக்கும் மயில்துத்தம் காப்பர் சல்பேட். சுண்ணாம்போடு சேர்ந்தால் கால்சியம் சல்பேட்டும் உண்டாகும். மருந்து டிரம் கழுவிய தண்ணீரைச் சாணக் கரைசலில் கலப்பது இரட்டை நட்டம். சல்பேட் நாற்றத்தைக் கூட்டும், செம்பு மீத்தேன் கூட்டத்தையே முடக்கும்.

கேஸிலிருந்து சல்பைடைப் பிரிக்க இன்றும் எளிய வழி துருதான். துருப்பிடித்த இரும்புத் தூளை மரத்தூளோடு கலந்து பெட்டியில் அடைத்து, கேஸை அதன் வழியே விடுவார்கள். தூள் கறுத்ததும் வெளியே பரப்பிக் காற்றுப்பட விட்டால் திரும்பத் துருவாகும். இன்னும் சில தடவை ஓடும். குவித்து மட்டும் வைக்கக் கூடாது. சூடேறித் தானே பற்றிக்கொள்ளும்.