உரிக்கும் கை ஏன் சற்றே நிற்க வேண்டும்?

முத்துக்குளித்துறையில் காத்திருப்பதும் ஒரு வேலையாக இருந்த காலம் உண்டு. அள்ளி வந்த சிப்பிகளை நாள்கணக்கில் அழுகவிட்டு, சதை கரைந்த பிறகே கழுவி முத்தெடுத்தார்கள். 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. இன்று இந்தக் கரையின் மீன் ஆலைகளுக்குள் நுழையும் இறாலுக்கும் சூரைக்கும் காத்திருப்பு பெரும் பகை. இறால் செத்ததும் அதன் தலையிலுள்ள நொதிகள் ஓட்டைக் கருக்கத் தொடங்குகின்றன. சூரை வெப்பத்தில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதிலுள்ள ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அப்படி உருவான நச்சு உறையவைத்தாலும் போகாது, கொதிக்கவைத்தாலும் போகாது.

ஆலைக்குள் இறால் பல கட்டங்களைக் கடக்கிறது. கழுவி, தலை நீக்கி, உரித்து, அளவுவாரியாகப் பிரித்து, தட்டில் அடுக்கி, பிளேட் ஃப்ரீசரில் உறையவைத்து, மைனஸ் 18 டிகிரிக் கிடங்குக்கு அனுப்புகிறார்கள். உரிக்கும் மேசைக்கு ஆட்களைக் கூட்டலாம், குறைக்கலாம். ஃப்ரீசருக்கு அது பொருந்தாது. கதவைச் சாத்தினால், உள்ளே இருக்கும் லாட் (ஒரு தடவைக்கான சரக்கு) உறையும்வரை அடுத்ததை ஏற்காது. இதோடு தூத்துக்குடிக்கு ஒரு தனி நெருக்கடியும் உண்டு. இங்குள்ள விசைப்படகுகள் காலை 5 மணிக்குப் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் கரை திரும்ப வேண்டும் என்பது விதி. பகலெல்லாம் பிடித்தது இரவில் ஒரே நேரத்தில் ஏலத்துக்கு வந்து குவிகிறது. சரக்கு குவிந்தால் எல்லாக் கைகளும் உடனே உரிக்கத் தொடங்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அது தவறு என்பதே என் வாதம்.

கணக்குக்காக, ஒரு லாட்டை உரிக்க 1 மணி நேரம், உறையவைக்க 2 மணி நேரம், உரித்த இறால் 1 மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். நான்கு லாட் வந்து, அவற்றை நிறுத்தாமல் உரித்தால் மூன்றாவது லாட் ஃப்ரீசருக்கு முன்னால் 2 மணி நேரமும், நான்காவது 3 மணி நேரமும் கிடக்கும். எல்லாம் உறைந்து முடிய 9 மணி நேரம். இப்போது மூன்றாவது லாட்டை 3-ஆம் மணியிலும் நான்காவதை 5-ஆம் மணியிலும் உரிக்கத் தொடங்கிப் பாருங்கள். எந்த லாட்டும் 1 மணி நேரத்துக்கு மேல் காத்திருக்காது; முடிவதும் அதே 9-ஆம் மணியில்தான். ஓட்டோடும் ஐஸோடும் பத்திரமாக இருந்த நேரம் கூடியது, உரித்த சதையாகக் கிடந்த நேரம் குறைந்தது, அவ்வளவே. உரிப்பதை இன்னும் தள்ளிப்போட்டு அந்த 1 மணியையும் மிச்சப்படுத்தலாமே என்றால், கூடாது. அப்போது உரிப்பது சற்றுத் தாமதித்தாலும் ஃப்ரீசர் வெறுமனே ஓடும். இழந்த அந்த நேரத்தை மீட்க வழியில்லை.

லாட்டுக்கு லாட் நேரம் மாறினால் எதை முதலில் எடுப்பது? இரண்டு கட்ட வேலைக்குக் கணிதவியலாளர் எஸ்.எம். ஜான்சன் 1954-இல் ஓர் எளிய விதி தந்தார்: முதல் கட்டம் சீக்கிரம் முடிவதை முன்னால் விடு, இரண்டாம் கட்டம் சீக்கிரம் முடிவதைக் கடைசியில் விடு. ஆனால் அந்த வரிசை இரண்டாம் இயந்திரத்துக்கு முன்னால் சரக்கைச் சேரவிட்டே வேகம் பெறுகிறது. காத்திருந்தாலும் கெடாத அச்சுத்தாளுக்கு அது சரி, இறாலுக்கு ஆகாது. காத்திருப்பே கூடாத நிலைக்கு 1964-இல் கணிதவியலாளர்கள் கில்மோரும் கோமரியும் விரைவான தீர்வு கண்டார்கள். வியப்பு என்னவென்றால், இரண்டுக்கும் நடுவே, 'கொஞ்சம் காத்திருக்கலாம்' என்னும் நம் நிலைக்குத்தான் எல்லாச் சமயத்துக்கும் பொருந்தும் விரைவான வழி எதுவும் அறியப்படவில்லை. 10 லாட்டை 36,28,800 விதமாக வரிசைப்படுத்தலாம். 15 லாட் என்றால் 1 லட்சத்து 30 ஆயிரம் கோடியைத் தாண்டும். ஆயினும் ஆலைக்குத் தேவை மிகச் சிறந்த வரிசை அல்ல, வரம்பு மீறாத நல்ல வரிசை. ஃப்ரீசர் காலியாகும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால் அது தாளிலேயே கிடைத்துவிடும்.

இன்னொரு ஃப்ரீசர் வாங்கினால் தீராதா என்று கேட்கலாம். ஓரளவு தீரும். ஆனால் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுச் சரக்கே இருக்காது. அந்தக் கடனையும் பராமரிப்பையும் யார் தாங்குவது? ஐஸில் வைத்தாலும் கெடும் என்பதும் உண்மைதான். அதனால் ஐஸ் காத்திருப்புக்கும் ஒரு வரம்பு வேண்டும், அதைத் தாண்டும் அளவுக்கு ஏலத்தில் எடுக்கவே கூடாது. கனமான மறுப்பு கூலியைப் பற்றியது. எடைக்கணக்கில் கூலி தரும் இடத்தில் மேசையை நிறுத்தினால் இழப்பு உரிக்கும் பெண்களுக்குத்தான். அதை அவர்கள் தலையில் கட்டுவது அநியாயம். இறாலைக் காப்பாற்றும் அந்த இடைவெளிக்கும் ஆலை கூலி தர வேண்டும். ஏலம் முடிந்ததுமே எத்தனை லாட் என்பது தெரிந்துவிடுகிறது. பிந்தைய லாட்டுகளை உரிக்கும் இரண்டாம் குழுவை எத்தனை மணிக்கு அழைப்பது என்பதை அப்போதே சொல்லிவிட்டால், அவர்கள் நள்ளிரவில் வெறும் மேசை முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.