தொழிற்கல்வித் தகவல் எல்லோர் கைக்கும்: ஓர் இணையத்தளம் எப்படி அமைய வேண்டும்?

ஓ.எல். முடிவு வந்த கிழமையில் காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்று வாவிக்கரையின் எந்த ஊருக்குப் போனாலும் வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான்: "மகன இனி எதுக்குப் போடுற?" ஏ.எல். படிக்க முடியாத பிள்ளை என்றால் கடை, இல்லாவிட்டால் வெளிநாடு. பெண்பிள்ளை என்றால் தையல். நம் கையிலுள்ள பட்டியல் அவ்வளவுதான்.

நாட்டில் உள்ள பட்டியல் இதைவிட மிக நீளமானது. தேசிய தொழிற்தகைமை, அதாவது நாம் என்.வீ.கியூ. என்று சொல்வது, ஏழு மட்டங்களைக் கொண்டது. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். ஓ.எல். சரிவராத பிள்ளையும் கீழ்ப்படியிலிருந்து மேலே ஏற வழியுண்டு. காக்காவின் கராஜில் பத்து வருடம் தொழில் பழகியவர், பாடநெறியில் சேராமலே தன் திறமையை மதிப்பீட்டாளர் முன் காட்டிச் சான்றிதழ் பெறலாம். இதற்கு முன்கற்றல் அங்கீகாரம் என்று பெயர். நம் ஊர்களில் எத்தனை மேசன்மாருக்கு, எத்தனை ஓடாவிமாருக்கு இது தெரியும்?

தகவல் வராமலில்லை, வருகிற வடிவத்தில்தான் கோளாறு. அறிவித்தலைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் போடுகிறோம். அல்லது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை ஏற்றுகிறோம். பாமினியில் 'உம்மா' என்று அடித்தால், கணினியின் நினைவில் பதிவது சீ, கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளே. திரையில் பார்க்கத் தமிழ், உள்ளே வேறு. ஆகவே தேடினால் அது அகப்படாது. பார்வையற்ற பிள்ளையின் போனில் உள்ள திரைவாசிப்பான் அதை அர்த்தமில்லாமல் உளறும். யுனிகோடில் அடித்தால் இரண்டு பிரச்சினையும் தீரும்.

ஒரு தளம் அமைப்பதென்றால் முதல் விதி இதுதான்: தகவல் எழுத்தாக, யுனிகோடில் இருக்க வேண்டும். படம் போட்டால் அதில் உள்ளதை எழுத்திலும் தர வேண்டும். உலக வலைச் சங்கம் 1999 முதல் வெளியிட்டுவரும் அணுகல்தன்மை வழிகாட்டி இன்னும் சிலதைச் சொல்கிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். முடிவுத் திகதியைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டக்கூடாது. நிறம் பிரித்தறிய முடியாதவர் அதைத் தவறவிடுவார். வீடியோவில் பேசுவதை எழுத்திலும் காட்ட வேண்டும், காது கேளாதவருக்காக.

அடுத்தது உள்ளடக்கம். ஒவ்வொரு பாடநெறிக்கும் ஒரே ஒழுங்கில் பதில் இருக்கட்டும்: யார் சேரலாம், எத்தனை மாதம், என்ன மட்டம், கட்டணமா கொடுப்பனவா, எந்த பஸ், பெண்பிள்ளைகளுக்குத் தங்குமிடம் உண்டா, சக்கர நாற்காலி உள்ளே போகுமா, முடிவுத் திகதி எப்போது, யாரோடு பேசுவது. அரச படிவத்தில் 'நீர்க்குழாய் பொருத்துநர்' என்றிருக்கும். பிள்ளை 'பிளம்பர்' என்றுதான் தேடும். இரண்டும் ஒரே பக்கத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும். உம்மாவின் போனில் மிஞ்சிய டேட்டாவில் திறக்கும் அளவுக்குப் பக்கம் பாரமில்லாமல் இருப்பதும் முக்கியம்.

கடைசி வேலை, பரீட்சித்துப் பார்ப்பது. பார்வைக் குறைபாடுள்ள ஒரு பிள்ளையிடம் போனைக் கொடுத்து, "மின்னிணைப்பு வேலைக்குப் படிக்க ஒரு இடம் தேடிப் பாரு மகன்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருங்கள். எங்கே தடக்குப்படுகிறானோ அங்கே திருத்துங்கள். தளத்தைப் புதுப்பிக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். போன வருடத்துத் திகதி நிற்கும் தளம் பிள்ளையை ஏமாற்றும்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது; தகவலை அணுகும் உரிமையும் அதில் அடங்கும். நமக்கு அதற்கு முந்திய பாடமும் உண்டு. கண்பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அறிவைத் தேடி வந்த வேளையில் நடந்ததைப் பற்றித்தான் அபஸ அத்தியாயத்தின் ஆரம்ப வசனங்கள் இறங்கின. அவரே பின்னர் பிலால் (ரழி) அவர்களோடு நபி (ஸல்) அவர்களின் முஅத்தினாக இருந்தார். நபியவர்கள் பயணம் போனபோது மதீனாவின் பொறுப்பையும் அவரிடம் விட்டுச் சென்றிருக்கிறார்கள்.

பள்ளிவாசல் நிருவாகமோ, பாடசாலைப் பழைய மாணவர் சங்கமோ, வாசகசாலையோ இதைத் தொடங்கலாம். தளம் வருமுன்னரும் ஒன்று செய்யலாம்: அடுத்த அறிவித்தலைப் படமாக அனுப்பும்போது, அதன் கீழே அதே விபரத்தை யுனிகோடில் நாலு வரி அடித்து அனுப்புங்கள்.