கல்லைத் தின்னும் உப்பு!

குட்டீஸ்... குற்றாலத்தில் சாரல் காலம் வந்தால் எல்லாருக்கும் அருவி ஞாபகம்தான் வரும். அடுத்த முறை போகும்போது, குளித்து முடித்த கையோடு குற்றாலத்திலோ தென்காசியிலோ பழைய வீட்டுச் சுவர் ஒன்றைக் கவனியுங்கள். தரையை ஒட்டி வெள்ளையாக ஏதாவது பூத்திருக்கிறதா? தொட்டால் மாவு போல உதிர்கிறதா? "சுவர் உப்புப் பூத்துப் போச்சு" என்று பாட்டி சொல்வாரே, அது இதுதான்.

கடலே இல்லாத ஊரில் உப்பு எப்படி வந்தது?

மண், செங்கல், சிமென்ட், கிணற்றுத் தண்ணீர் எல்லாவற்றிலும் கொஞ்சம் உப்பு உண்டு. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல, சுவர் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரத்தோடு உப்பும் கரைந்து மேலே ஏறும். வெயிலும் காற்றும் பட்டதும் நீர் ஆவியாகிப் பறந்துவிடும். உப்பால் பறக்க முடியாதே! அங்கேயே தங்கிப் படிகமாக மாறிவிடும்.

குட்டிப் படிகம், பெரிய பலம்!

படிகம் சுவருக்கு வெளியே பூத்தால் தட்டிவிடலாம். சுவருக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத துளைகளில் வளர்ந்தால்தான் ஆபத்து. வளர இடம் போதாமல், துளையின் சுவரை நெட்டித் தள்ளும். மழையில் நனைந்தால் கரையும். காய்ந்தால் மறுபடி வளரும். இப்படி நூறு முறை, ஆயிரம் முறை தள்ளினால் கருங்கல்லும் பொடிப்பொடியாக உதிரும்.

இதில் பெரிய வில்லன் சோடியம் சல்பேட் என்ற உப்பு. ஈரம் கிடைத்து, வெப்பம் சுமார் 32 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால், இது தண்ணீரைத் தன் படிகத்துக்குள் சேர்த்துக்கொள்ளும். அரிசி வெந்து சோறாவது போல உப்பி, ஏறத்தாழ நான்கு மடங்கு பெரிதாகிவிடும்!

இந்த உப்பு மண்ணில் நிறைய இருந்தால் நிலமே வீங்கும். அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் பகுதியில் இப்படித்தான் மண் வீங்கி, வீடுகளின் தரையும் நடைபாதைகளும் மேலெழும்பி விரிசல் விட்டன. கனமான கட்டடம் மண்ணை அமுக்கிக்கொள்ளும். லேசான கட்டடத்தை மண் தூக்கிவிடும்.

காகிதக்கூழ் வைத்தியம்

நம் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கும் உப்புதான் எதிரி. சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் பல்லவர் கட்டிய கோயில் அது. அலைச் சாரலில் வரும் உப்பு, கல்லின் துளைகளில் புகுந்துவிடுகிறது. இதற்குத் தொல்லியல் துறையினர் செய்யும் வைத்தியம் வேடிக்கையானது. ஈரமான காகிதக்கூழைக் கல்மேல் அப்பிவிடுவார்கள். கூழின் ஈரத்தில் உப்பு கரையும். கூழ் காயும்போது உப்பும் கல்லை விட்டுக் கூழுக்கு வந்துவிடும். பிறகு கூழை உரித்து எடுப்பார்கள். உப்பு குறையும் வரை மறுபடி மறுபடி இதே வேலைதான்!

செய்து பாருங்கள்

ஒரு தட்டில் ஓர் அங்குல உயரத்துக்கு மழைநீர் ஊற்றி, காய்ந்த செங்கல்லை நிறுத்தி வையுங்கள். நீர் முழுவதும் வற்றியதும் இன்னொரு முறை ஊற்றி வற்ற விடுங்கள். கல்லில் வெள்ளை படிகிறதா? பொறியாளர்களும் செங்கல்லை இப்படித்தான் சோதிக்கிறார்கள். 10 சதவீதப் பரப்புக்குள் மெல்லியதாகப் படிந்தால் 'லேசான உப்பு'. அதைத் தாண்டி 50 சதவீதம் வரை போனால் 'நடுத்தரம்'.

வீட்டுச் சுவரில் உப்புப் பூத்தால் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். மேலே பெயின்ட் அடித்து மறைத்தாலும் பயனில்லை. அதையும் உப்பு தள்ளிவிடும். கசியும் குழாயைச் சரிசெய்வதுதான் சரியான மருந்து. ஈரம் நின்றால் உப்பின் ஆட்டமும் நிற்கும்.

குற்றாலத்தில் சித்திரசபை இருக்கிறது. நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்றான அதன் சுவர்களில் மூலிகை வண்ண ஓவியங்கள் இருக்கின்றன. ஓவியம் என்பது சுவர் மேல் இருக்கும் மெல்லிய தோல்தான். உள்ளே ஈரமும் உப்பும் சேர்ந்தால் முதலில் உதிர்வது அதுதான். அதனால் அருவியில் குளித்த ஈர உடையோடு அந்தச் சுவரில் சாயாதீர்கள். ஓவியங்களைத் தொடவும் வேண்டாம்.

தென்காசி விசுவநாதர் கோயிலை 15ஆம் நூற்றாண்டில் கட்டிய பராக்கிரம பாண்டியன், கல்வெட்டில் என்ன சொன்னார் தெரியுமா? இந்தக் கோயிலுக்குப் பின்னாளில் ஏதாவது குறை வந்தால், அதைச் சரிசெய்து காப்பவர்களை வணங்குகிறேன் என்றார். ஒரு ராஜாவின் வணக்கம்! அதை வாங்க நீங்களும் தயார்தானே குட்டீஸ்?