அலையைத் தடுத்த காடு!

சிதம்பரம் அருகே உள்ளது பிச்சாவரம். அங்கே உப்பங்கழிகளில் சுரபுன்னைக் காடு அடர்ந்து நிற்கிறது.

2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. கடலோரத்தில் பல ஊர்கள் அழிந்தன. காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்களிலோ சேதம் குறைவு. மரங்கள் அலையின் வேகத்தைக் குறைத்தன.

இந்த மரங்கள் இன்னொரு வேலையும் செய்கின்றன. பூமியைச் சூடாக்கும் கரியமில வாயுவை இழுத்து, மரத்திலும் சேற்றிலும் சேர்த்து வைக்கின்றன.

ஆனால், காட்டை வெட்டினால் அந்த வாயு மீண்டும் காற்றில் கலந்துவிடும். கன்று நட்டால் மரமாகப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் நிலக்கரியும் பெட்ரோலும் கக்கும் புகையோ ஏராளம். அத்தனையையும் காடு விழுங்க முடியாது.

காட்டையும் காக்க வேண்டும். புகையையும் குறைக்க வேண்டும். ஒன்று மட்டும் போதாது!