தும்பறை வட்டமும் சட்பரி நிக்கலும்

ஜூன் 30ஐ ஐ.நா. சர்வதேச சிறுகோள் தினமாக அறிவித்ததிலிருந்து ஆண்டுதோறும் இந்த நாட்களில் ஒரே மாதிரிக் கடிதங்கள் வருகின்றன. இம்முறை குண்டசாலை, திகன, மெனிக்கின்ன பக்கமிருந்து வந்தவை அதிகம். கண்டியைச் சுற்றிச் செய்மதிப் படத்தில் முட்டை வடிவ மலை வளையங்கள் தெரிகின்றனவாம். கனடாவில் விண்பொருள் மோதி உண்டான இப்படியொரு வளையத்தில்தான் நிக்கல் தோண்டுகிறார்களாம். அப்படியானால் நம் காலடியிலும் இருக்க வேண்டாமா என்கிறார்கள்.  சிறுகோள் எது, விண்கல் எது என்பதைப் பாடசாலைப் புத்தகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

கனடாவின் சட்பரியில் நடந்தது உண்மையிலேயே சுவாரசியமானது. ஏறத்தாழ 185 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பெருமோதல் ஒன்று நிகழ்ந்தது. அங்குள்ள நிக்கல் அந்த விண்பொருளோடு வந்து இறங்கியது என்றே கடிதம் எழுதிய பலரும் நம்புகிறார்கள். ஆனால் விழுந்த பொருளில் பெரும்பகுதி அந்த வேகத்திலேயே ஆவியாகிப்போனது. 1990களில் தாதுவிலுள்ள ஒஸ்மியம் சமதானிகளை அளந்து பார்த்தவர்கள், உலோகம் உள்ளூர்ப் புவியோட்டிலிருந்தே வந்தது என்று கண்டார்கள்.

மோதல் செய்தது உருக்கும் வேலை. கிலோமீற்றர் கணக்கில் தடித்த பாறைக்குழம்பு அங்கே தேங்கியது. சாதாரண எரிமலைக் குழம்பைவிட அது மிகவும் சூடு. அந்தச் சூட்டில் கந்தகம் குழம்பிலேயே கரைந்து கிடக்கும். ஆறத் தொடங்கியதும் கரைந்திருக்க முடியாமல் சல்பைட்டுத் துளிகளாகப் பிரியும். இறைச்சிக் கறி ஆறும்போது பிரியும் கொழுப்பு மேலே மிதக்கும். இங்கே பிரிவது பாரமானது, அடிக்கு இறங்கும். இறங்கும் வழியில், குழம்பெங்கும் சிதறிக் கிடந்த நிக்கலையும் செப்பையும் பிளாற்றினத்தையும் தனக்குள் இழுத்துக்கொள்ளும். இந்த உலோகங்களுக்குச் சிலிக்கேற்றுக் குழம்பைவிடச் சல்பைட்டில்தான் பல நூறு மடங்கு நாட்டம். கடைசியில் தளத்திலுள்ள குழிகளிலும், அங்கிருந்து வெளியே ஓடும் வெடிப்புகளிலும் எல்லாம் போய்ச் சேரும். அதனால்தான் சட்பரிச் சுரங்கங்கள் வளையத்தின் நடுவில் இல்லை. பழைய அடித்தளம் மேலே தலைகாட்டும் விளிம்பை ஒட்டியும், அந்த வெடிப்புகளின் வழியிலும் இருக்கின்றன.

இன்னொன்று. அங்கே தாது கண்ணில் பட்டது 1883இல், ரயில் பாதைக்குக் கல் உடைத்தபோது. இது மோதலின் வேலை என்று ரொபர்ட் டீட்ஸ் சொன்னது 1964இல். எண்பது ஆண்டுகள் விண்கல்லைப் பற்றி நினைக்காமலே தோண்டினார்கள். மத்தியப் பிரதேசத்தின் தாலாவிலும் கதை ஏறக்குறைய இதுதான்: யுரேனியம் தேடித் துளையிட்ட இடத்தை நெடுங்காலம் எரிமலை எச்சம் என்றே கருதினார்கள். அலகாபாத் பல்கலைக்கழகத்தின் ஜே. கே. பதி குழுவினர் மோதலின் அதிர்ச்சிக் கோடுகள் விழுந்த குவார்ட்ஸைக் காட்டிய பிறகே அது மோதல் பள்ளமானது. தாது தேடப் போய்ப் பள்ளம் கிடைத்திருக்கிறது. பள்ளம் என்று ஊகித்துத் தோண்டினால் தாது கிடைக்கும் என்று முதலீட்டாளருக்குச் சொல்வது வேறு கதை. உறுதி செய்யப்பட்ட மோதல் கட்டமைப்புகள் உலகில் ஏறத்தாழ 200 உண்டு. இன்னொரு சட்பரி இல்லை. தென்னாபிரிக்காவின் விரெடஃபோர்ட்டைச் சுற்றியுள்ள தங்கம்கூட மோதலுக்கு முன்பே அங்கிருந்தது.

இனி நம் ஊர். கண்டியைச் சுற்றியுள்ள முட்டை வடிவங்கள் கற்பனையல்ல. பேராதனைப் பேராசிரியர் பி. டபிள்யூ. விதானகே அவற்றுக்கு ‘அரீனா’ என்று பெயரிட்டார். தும்பறையும் அவற்றில் ஒன்று. ஆனால் அவை மடிந்து தொய்ந்த பாறைப் படைகள். சட்பரி வளையமும் இன்று நீள்வட்டம்தான். வட்டமாகப் பிறந்து பின்னால் வந்த மலையாக்கத்தில் நசுங்கியது. ஆகவே வடிவத்தை மட்டும் வைத்து எதையும் நிறுவ முடியாது. கல்லுக்குள் பார்க்க வேண்டும்.

எனக்கு உறுத்துவது அந்தக் கல்தான். ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கொண்டுவானா கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், குண்டசாலையின் பாறைகள் 20 கிலோமீற்றருக்கும் அதிக ஆழத்தில் 700 பாகை செல்சியஸுக்கு மேல் வெந்துகொண்டிருந்தன. மேலே இருந்த நிலம் முழுவதும் பிறகு அரிக்கப்பட்டுப் போயிற்று. அதற்கு முன் இங்கே ஒரு பள்ளம் இருந்திருந்தால் அதன் சுவரும் போயிற்று, தளமும் போயிற்று. குவார்ட்ஸில் விழுந்த அதிர்ச்சிக் கோடுகளையும் அந்தச் சூடு ஆற்றி மறைத்திருக்கும். இருந்தது என்று காட்ட வழியில்லை, இருக்கவே இல்லை என்று அடித்துச் சொல்லவும் வழியில்லை. ‘கனிய வளம் கொழிக்கும் தீவு’ என்ற மேடைப் பேச்சுக்கு இதைவிட வசதியான நிலம் கிடையாது. கல்லில் உலோகம் இருந்தாலே அந்தப் பேச்சில் அது வளம். தோண்டிப் பிரித்து விற்றுச் செலவுபோக மிஞ்சினால்தான் சுரங்கக்காரருக்கு அது தாது.

மீதிக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

இலங்கையில் நிக்கலே இல்லையா? உஸ்ஸன்கொடையின் செர்பன்ரைன் மண்ணில் உண்டு, ஆனால் அது புவியோட்டுக்குக் கீழிருந்து வந்த பாறை, இன்று தேசியப் பூங்கா.

சேருவிலவில் இருப்பது? 1971இல் கண்டுபிடிக்கப்பட்ட செப்பும் காந்த இரும்பும்; மோதலோடு சம்பந்தமில்லை.

2020இல் திகன பக்கம் உணர்ந்த அதிர்வுகள்? பழைய பள்ளத்தோடு முடிச்சுப்போட எதுவுமில்லை. அப்போது சந்தேகம் எழுந்தது விக்டோரியா நீர்த்தேக்கத்தின் மீதும் கற்குவாரிகளின் மீதும்.

2012 டிசம்பரில் அரலகங்வில பக்கம் விழுந்ததாகச் சொன்ன கற்கள்? அவை விண்ணிலிருந்து வந்தவை என்பதை விண்கல் நிபுணர்கள் பலர் ஏற்கவில்லை.

தோட்டத்தில் கிடைத்த கறுப்புக் கல் காந்தத்தில் ஒட்டுகிறது, விண்கல்தானே? காந்த இரும்புள்ள நம் ஊர்க் கல்லும் ஒட்டும். பேராதனைப் புவிச்சரிதவியல் துறையில் கேட்டுப் பாருங்கள், விலை பேசுவதற்கு முன்.