பழைய பஸ்ஸை கேரவனாக்கி குற்றாலம் போகலாமா? வாங்குவதற்கு முன் ஆர்.சி. புக்கைப் பாருங்க!

சாரல் சீசன், சனிக்கிழமை காலை. திருநெல்வேலியிலிருந்து வரும்போது பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையைத் தாண்டினாலே மேற்கே மலையும் மேகமும் தெரிய ஆரம்பித்துவிடும். காற்றும் மாறிவிடும். இன்னும் பத்து கிலோமீட்டர் சொச்சத்தில் தென்காசி, அதைத் தாண்டினால் குற்றாலம். ஆனால் போய்ச் சேர்ந்தால் ரூம் கிடைக்காது. கிடைத்தாலும் வாடகையைக் கேட்டதும் பாதி சீசன் மூடு போய்விடும்.

அந்த நேரம் பார்த்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஒரு ரீல்ஸைத் தட்டிவிடுவார்கள். பழைய பஸ் ஒன்று. உள்ளே கட்டில், சமையல் மேடை, ஜன்னலோரம் தொங்கும் சின்ன பல்பு மாலை. கீழேயே ஒரு கேள்வி: "மாமா, நாமளும் ஒரு பழைய பஸ் வாங்கி இப்படி மாத்திட்டா என்ன?"

ஐடியா சூப்பர்தான். ஆனால் அந்த ரீல்ஸில் பெரும்பாலானவை வெளிநாட்டில் எடுத்தவை. நம்மூரில் இதைச் செய்ய முடியுமா, எவ்வளவு இழுக்கும், எங்கே மாட்டுவோம்?

பழைய அரசு பஸ் கிடைக்குமா?

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஏலத்தில் வரும் அரசு பஸ்தான். அதை மறந்துவிடலாம். 15 வருடம் முடிந்த அரசு வாகனங்களின் பதிவை 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்க முடியாது. மத்திய அரசின் இந்த விதியில் மாநிலப் போக்குவரத்துக் கழக பஸ்களும் அடக்கம். அவை போய்ச் சேரவேண்டிய இடம் பதிவுபெற்ற ஸ்கிராப் மையம். பஸ்ஸின் கூடு உங்கள் கைக்கு வந்தாலும் ரோட்டில் ஓட்ட ஆர்.சி. இருக்காது.

மிச்சம் இருப்பது தனியார் பஸ், பழைய ஸ்கூல் பஸ், கம்பெனி ஸ்டாஃப் பஸ். இவற்றில் விலையைவிட முக்கியம் காகிதம். பெர்மிட் சரண்டர் ஆகிவிட்டதா, வரி பாக்கி இருக்கிறதா, எஃப்.சி. எதுவரை, லோன் முடிந்து ஹைப்பாதிகேஷன் நீக்கியிருக்கிறார்களா எல்லாவற்றையும் பாருங்கள். 8 வருடம் தாண்டிய போக்குவரத்து வாகனத்துக்கு வருடா வருடம் எஃப்.சி. எடுக்க வேண்டும். 15 வருடம் தாண்டினால் கட்டணமே ஆயிரங்களில் எகிறும். "சும்மாதான் நிக்குது, குறைச்சுத் தர்றேன்" என்று யாராவது சொன்னால், அது ஏன் சும்மா நிற்கிறது என்று முதலில் கேளுங்கள்.

சீட்டைக் கழற்றினாலே சட்டப் பிரச்சினையா?

ஆமாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுதான் இதில் கதாநாயகன், வில்லன் இரண்டும். தயாரிப்பாளர் கொடுத்த, ஆர்.சி.யில் பதிவான விவரங்களோடு முரண்படும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது அது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அப்படியானால் கேரவன்களே ஓடவில்லையா? ஓடுகின்றன. அதற்கென ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தரம் இருக்கிறது. உட்கார சீட்டும் மேஜையும், படுக்க இடம், சமையல் வசதி, சாமான் வைக்க இடம் எல்லாம் இருந்தால்தான் அது மோட்டார் கேரவன். கேரவன் கட்டும் நிறுவனங்கள் தங்கள் மாடலுக்கு அரசு அங்கீகரித்த சோதனை மையத்தில் சான்று வாங்குகின்றன. பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகம் அந்த வகையிலேயே பதிவு செய்கிறது. சென்னை அருகே ஒரகடத்தில் அப்படியொரு சோதனை மையம் உண்டு. ஊர் பட்டறையில் கட்டில் அடித்துவிட்டு, அப்புறம் ஆர்.டி.ஓ.விடம் போய் "பார்த்துப் போடுங்க சார்" என்பது தலைகீழ் வரிசை.

தென்காசிக்காரர்கள் என்றால் டி.என். 76 அலுவலகத்தில் வண்டி வாங்குவதற்கு முன்பே வரைபடத்தோடு போய் எழுத்தில் பதில் வாங்குங்கள். முடியாது என்று பதில் வந்தால் நஷ்டம் ஒரு நாள் லீவு மட்டும்தான். ஆர்.சி.யில் ஏறாத மாற்றத்தோடு விபத்து நடந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி அதைக் காட்டியே கிளெய்மை மறுக்கலாம். உள்ளே இருப்பது உங்கள் குடும்பம் என்பதை மறக்க வேண்டாம்.

லைசென்ஸும் ஒரு விஷயம். கார் லைசென்ஸின் எல்லை 7,500 கிலோ. 12 மீட்டர் பஸ் முழு ஏற்றத்தோடு 16 டன் வரும். ஹெவி லைசென்ஸ் இல்லாமல் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. புளியரை 'எஸ்' வளைவில் அதைத் திருப்பிப் பார்த்தவருக்குத் தெரியும், இது வீக்எண்ட் டிரைவருக்கான வேலை இல்லை.

உள்ளே என்ன வைக்கலாம்?

அனுமதி கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பஸ்ஸின் உள் அகலம் சுமார் ஏழரை அடி. குறுக்காகப் படுத்தாலே கால் நீட்டலாம். 50 பேரும் சீட்டுகளும் இல்லாததால் எடையும் பிரச்சினை இல்லை. ஆனால் எடை எங்கே உட்காருகிறது என்பது பிரச்சினை. 500 லிட்டர் தண்ணீர் என்றால் அரை டன். அதைப் பின்பக்க ஓவர்ஹேங்கிலோ ஒரே பக்கமாகவோ வைத்தால் வளைவில் வண்டி சாயும். இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவே, தாழ்வாக வைப்பதுதான் சரி.

கரன்ட் கணக்கு கொஞ்சம் ஏமாற்றும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரியில் இருப்பது ஏறக்குறைய 1.2 யூனிட். 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் நாலு ஓட்டினால் பத்து மணி நேரம் வரும். ஒரு டன் ஏ.சி. போட்டால் ஒரு மணி நேரத்தில் காலி. "மேலே சோலார் போட்டுடலாம்" என்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: நாம் போவதே வெயில் இல்லாத சீசனில்! சாரலில் நனையப் போய் சோலாரை நம்பக்கூடாது.

இனி அடுப்பு. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை ரயில் நிலைய யார்டில் நின்றுகொண்டிருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். அனுமதியில்லாமல் கொண்டுவந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம் என்றார்கள் அதிகாரிகள். அந்தப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கவில்லை, நின்றுகொண்டிருந்தது. பஸ்ஸுக்குள் பிளைவுட், ஃபோம், திரை எல்லாமே எரியும் பொருட்கள். தீ சட்டென்று பரவாத ஐ.எஸ். 15061 தரப் பொருட்களைக் கேட்டு வாங்குங்கள். எமர்ஜென்சி கதவை மறைத்துக் கட்டிலோ பீரோவோ வைக்காதீர்கள். சமையலைப் பஸ்ஸுக்கு வெளியே, சிலிண்டரையும் வெளியே வைத்துச் செய்வதுதான் என் ஓட்டு. குற்றாலத்துக்குப் போய் பரோட்டா சாப்பிடாமல் உள்ளே உட்கார்ந்து உப்புமா கிண்டுவானேன்?

டாய்லெட் பற்றி ரீல்ஸ் பேசுவதே இல்லை. தொட்டி நிறைந்தால் எங்கே கொட்டுவது? வெளிநாட்டு கேம்ப்களில் இருப்பது போன்ற கழிவு இறக்கும் இடங்கள் நம் சுற்றுலாத் தலங்களில் இல்லை. ஓடையில் திறந்துவிட்டால் அது சிற்றாற்றுக்குப் போகும். சிற்றாறு தாமிரபரணியில் கலக்கும். அதைத்தான் கீழே ஊர் ஊராகக் குடிக்கிறார்கள். சின்ன கேசட் டாய்லெட் வைத்து, தங்குமிடக் கழிப்பறையில் கொட்டுவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

பட்ஜெட் உண்மையிலேயே பட்ஜெட்டா?

சென்னையிலிருந்து தென்காசி சுமார் 620 கி.மீ. பெரிய பஸ் லிட்டருக்கு நாலு, நாலரை கி.மீ. கொடுத்தாலே புண்ணியம். டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் ஒரு வழிக்கு 13,000 வரும், போய்வர 26,000. டோல் தனி. நாலு பேர் குடும்பம் ரயிலில் வந்து, சீசன் வாடகைக்கே இரண்டு நாள் ரூம் போட்டாலும் இவ்வளவு ஆகுமா என்று நீங்களே கணக்குப் போடுங்கள். வருடத்தில் 350 நாள் நிற்கும் வண்டிக்கும் வரி, இன்சூரன்ஸ், எஃப்.சி. உண்டு. நின்றே ஆறு டயரும் பாழாகும். மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து பங்கு போட்டால்தான் இந்தக் கணக்கு ஓரளவு நிற்கும்.

அதனால் பெரிய பஸ்ஸை விடுங்கள். டெம்போ டிராவலர் மாதிரி 7,500 கிலோவுக்குள் வரும் வண்டியில் யோசித்தால் லைசென்ஸ், டீசல், பார்க்கிங் மூன்றுமே இறங்கும். அதற்கும் 52-வது பிரிவு உண்டு என்பது வேறு விஷயம்.

ஓடாத பஸ் ஒன்று இருக்கிறது

மலைக்கு அந்தப் பக்கம் கேரளா வேறு மாதிரி யோசித்தது. 2020 நவம்பரில் மூணாறு டெப்போவில் பழைய கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸில் 16 படுக்கைகள் போட்டு, இரவுக்கு 100 ரூபாய்க்கு விட்டார்கள். பஸ் ஓடாது, டெப்போவிலேயே நிற்கும். 2022-ல் திருவனந்தபுரம் மணக்காட்டில் இரண்டு லோ-ஃப்ளோர் பஸ்கள் பள்ளி வகுப்பறையாகவே மாறின.

பாவூர்சத்திரம் பக்கம் சொந்தத் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு எனக்குப் பிடித்த வழி இதுதான். ஆர்.சி. ரத்தான பஸ் கூட்டை ஸ்கிராப் மையத்திலிருந்து முறைப்படி வாங்கி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து தென்னைக்கு நடுவே நிறுத்திவிடலாம். டீசல் இல்லை, எஃப்.சி. இல்லை. டாய்லெட்டைப் பக்கத்தில் தனியாகக் கட்டலாம். குற்றாலத்துக்கு காரில் போய்வந்தால் போதும். வாடகைக்கு விடுவதாக இருந்தால் உள்ளாட்சி அனுமதி கேளுங்கள்.

எந்த வண்டியானாலும் ஓடை ஓரத்தில் மட்டும் நிறுத்தாதீர்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனின் உயிரைக் கொண்டுபோனது. மேலே மலையில் மழை பெய்வது கீழே இருப்பவருக்குத் தெரியாது.